யாரைக் கேட்டு வண்டி ஓட்டுறீங்க?

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஓர் இளம் வக்கீல் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பிராது. யாரோ ஒருவருடைய நிலத்துக்குப் போகும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்டார். அதைத் திறந்துவிடச் சொல்லிக் கேஸ்.

"அண்ணே, தாக்கல் பண்றதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துருங்க" என்றார்.

முதல் பக்கத்திலேயே "அனாதி காலந்தொட்டு" என்று இருந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ரிட்டயராகி இத்தனை வருஷமாகியும் இந்தக் கோபம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

"தம்பி, அனாதி காலம்னா எந்த வருஷம்?"

"எல்லாப் பிராதுலயும் அப்படித்தானே அண்ணே போடுறோம்? கம்ப்யூட்டர்லயே ரெடியா இருக்கு."

"கட்சிக்காரரை உக்கார வெச்சு மூணு கேள்வி கேட்டீங்களா?"

"என்ன மூணு கேள்வி?" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாதியில் விட்டதைத்தான் இங்கே எழுதி முடிக்கிறேன். அவர் படித்தால் சரி.

என் சொந்த ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். பள்ளிப் படிப்பு முடித்து, அரியலூரில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, அங்கேயே ஒரு வக்கீலிடம் இரண்டு வருஷம் கேஸ் கட்டுத் தூக்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூருக்கு வந்து எங்கள் சீனியரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அவர் காலமாகும்வரை அங்கேதான் இருந்தேன். பிராது டைப் அடிப்பது, வாய்தா தேதி குறிப்பது, பதிவு ஆபீஸில் வில்லங்கம் பார்ப்பது, சாட்சிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவருவது, எல்லாம் நான்தான்.

வழிப்பாதை கேஸ் என்றால் சின்னக் கேஸ் என்று நினைப்பார்கள். கொலைக் கேஸில்கூடச் செத்தவன் செத்துவிட்டான். பாதைக் கேஸில் இரண்டு பேரும் தினமும் எதிரெதிரே நடக்கவேண்டும். அதிலும் நாலு பக்கமும் அடுத்தவன் நிலம், நடுவில் நம் நிலம் என்று மாட்டிக்கொண்டால், பட்டா இருந்து என்ன, பத்திரம் இருந்து என்ன? எரு உள்ளே போகாது, வெள்ளாமை வெளியே வராது.

அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போகும் உரிமை முக்கியமாக இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, இருபது வருஷம் தொடர்ந்து, பகிரங்கமாக, யாரிடமும் அனுமதி கேட்காமல், என் உரிமை இது என்று நடந்திருக்க வேண்டும். அனுமதி கேட்டு நடந்தால் நூறு வருஷம் நடந்தாலும் உரிமை வராது. கொடுத்தவன் நினைத்தால் நிறுத்திவிடலாம். இன்னொன்று அவசியத்தால் வருவது. ஒருவருடைய நிலத்திலிருந்து ஒரு துண்டு பிரிந்து, அந்தத் துண்டுக்குப் போக வேறு வழியே இல்லை என்றால், மிச்ச நிலத்தின் வழியாகப் போகும் உரிமையும் கூடவே வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பம் பத்து வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்!

சீனியரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதைக் கேஸ் என்று யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் நாற்காலிதான், "வாங்க, உக்காருங்க"தான். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. நானே பல பேரை "நீ, வா, போ" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, ஆபீஸின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் பாதையைப் போடச் சொல்வார். தார் ரோடு எங்கே, ஓடை எங்கே, கிணறு எங்கே, வண்டி எங்கே திரும்பும், எல்லாம் அவர்களே போடவேண்டும். போட்டு முடித்ததும் அதன்மேல் நடக்கச் சொல்வார். கிழவர்கள் கூச்சத்தோடு நடப்பார்கள். நடக்கும்போது கால் தன்னால் சில இடத்தில் நிற்கும். "ஏன் நின்னீங்க?" என்பார். "இங்க ஒரு பாறை இருக்குங்க, சக்கரம் இடிக்கும்" என்று பதில் வரும். அதை என்னை எழுதிக்கொள்ளச் சொல்வார்.

அப்புறம்தான் மூன்று கேள்வி. எதோட போனீங்க, நடந்தா, மாட்டோடவா, வண்டியோடவா? எத்தனை வருஷமாப் போனீங்க? மூன்றாவதைக் கேட்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். "யாரைக் கேட்டுப் போனீங்க?"

இந்தப் பதிலுக்குத்தான் கேஸே இருக்கிறது என்பார். அவர்கள் சொன்ன சொல் மாறாமல் அதைக் குறிப்பு நோட்டில் எழுதவேண்டும் என்பது எனக்கு நிரந்தர உத்தரவு.

இன்னொரு வழக்கமும் உண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் மற்ற ஆபீஸ்களில் கேஸ் கட்டைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். எங்கள் சீனியர் போடவிட மாட்டார். "காகிதத்துலதான ஜெயிச்சிருக்கோம்? காட்டுல என்ன ஆச்சுன்னு பாத்துட்டுப் போடலாம்" என்பார். அதனால் அவர் மேசையில் எப்போதும் நாலைந்து கட்டு கிடக்கும். துடைத்துத் துடைத்து என் கைதான் ஓய்ந்துபோகும்.

இனி அஞ்சலையம்மா என்ற கட்சிக்காரரின் கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசி. வாலிகண்டபுரத்துக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு சிற்றூர் அவர்களுக்கு. மாமனார் காலம்வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில்தான் வேலை. அந்த மாமனார் அரியலூரில் கடலை மண்டி வைத்திருந்த ஒருவரிடமிருந்து ஒன்றேகால் ஏக்கர் வாங்கினார். கிணற்றோடு சேர்ந்த நிலம். சின்ன வெங்காயம் போட்டார்கள். கணவர் இறந்து இரண்டு வருஷம். அஞ்சலையம்மாவே வெள்ளாமை பார்த்தார்.

அந்த நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய குடும்பத்தின் புன்செய்க் காடு. அதன் ஓரமாகத்தான் வண்டி போய்வந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இருந்தவரை பிரச்சினை இல்லை. அவர் இறந்ததும் மகன் ராசேந்திரன் பாதையை உழுது ஆமணக்கு விதைத்து, முகப்பில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டான். "வண்டி விட முடியாது. வேணும்னா காட்டை எனக்கே குடுத்துட்டுப் போ" என்றான். வேறு யாரும் அந்த நிலத்தை வாங்க மாட்டார்கள், வழி இல்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? ஒரு வருஷம் காத்திருந்தால் தானாக மடியில் விழும் என்பது அவன் கணக்கு.

அஞ்சலையம்மா ஆபீஸுக்கு வந்த வாரம் சீனியர் ஓர் அப்பீல் விஷயமாக மெட்ராஸ் போயிருந்தார். பறித்த வெங்காயம் காட்டிலேயே குவித்துப் பட்டறை போட்டுக் கிடக்கிறது, மழை பிடித்தால் அழுகிவிடும் என்று அழுதார். நானே சாக்பீஸைக் கொடுத்தேன். அவர் போட்ட பாதையில் நடக்கும்போது, பாறை இருக்கும் இடத்தில் கால் நின்றது. மூன்று கேள்வியையும் நானே கேட்டேன். வண்டியோடு போனார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் போனார்கள். இருபது தாண்டிவிட்டதே என்று எனக்கு உற்சாகம். மூன்றாவது கேள்வியையும் கேட்டேன்.

"கேட்டுத்தாங்க போவோம். தை மாசம் மொத வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி வெத்தல பாக்கு வெச்சு, மொத பறிச்ச வெங்காயம் ஒரு கூட வெச்சு, பெரியவரு வூட்டு வாசல்ல போயி நிப்போம். வண்டி ஓட்டிக்கிறோங்கன்னு கேப்போம். ஓட்டிக்கன்னு சொல்லுவாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை எழுதினால் கேஸே இல்லை. சீனியர் இதைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் இந்த அம்மாள் எங்கே போகும்? அப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எட்டு வருஷ அனுபவம் வந்துவிட்டது, எனக்கும் சாமர்த்தியம் இருக்கிறது என்ற திமிரும் உள்ளே இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். குறிப்பு நோட்டில் "யாரையும் கேட்கவில்லை" என்று எழுதினேன்.

"ஏம்மா, இந்த வெத்தல கதையெல்லாம் யாருகிட்டயும் சொல்லாத. கோர்ட்ல கேட்டா, கேக்கலன்னு ஒரே வார்த்தை. புரியுதா?"

"சரிங்க" என்றார். தலையை மட்டும் ஆட்டினார். மனசு ஆடவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சீனியர் திரும்பி வந்து நோட்டைப் படித்தார். "மூணாவது கேள்வி கேட்டியாப்பா அருளு?" என்றார். "கேட்டேன் சார்" என்றேன். அதுவரை பொய் இல்லை பாருங்கள்! அவர் நம்பினார். இருபது வருஷ அனுபவ உரிமை என்று பிராது போட்டார். வில்லங்கம் பார்க்கச் சொன்னார். இருபத்துநாலு வருஷத்துக்குப் பார்த்தேன், மண்டிக்காரர் மாமனாருக்கு விற்றது மட்டும் இருந்தது. அதற்கு முந்திய புத்தகங்களைப் புரட்ட எனக்குச் சோம்பல். தேவையும் இல்லை என்று விட்டுவிட்டேன். அந்த வருஷ வெங்காயத்தில் பாதியைக் கூடை கூடையாகக் கைமாற்றி ஓடை வழியே இறக்கினார்கள். மீதி அழுகிவிட்டது.

விசாரணைக்கு வந்தது. கோர்ட் டவாலிச் சேவகர் மூன்று தடவை பெயரைக் கூப்பிட, அஞ்சலையம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். எங்கள் சீனியர் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மிரட்டுவார் என்று நினைத்தேன். அவரோ சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க மாமனார் காலத்துலேருந்து நீங்க ரொம்ப மரியாதையான குடும்பம்னு ஊர்ல சொல்றாங்க."

"ஆமாங்க."

"தை மாசம் வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி பெரியவரு வாசல்ல போயி நிப்பீங்கல்ல?"

அந்த அம்மாள் என்னைத் தேடிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்கம்மா. வாசல்ல நின்னு கேட்டீங்களா? இல்ல, கேக்காம கொள்ளாம அடுத்தவங்க காட்டுல வண்டிய வுட்டீங்களா?"

அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கேக்காம அடுத்தவங்க காட்டுல நொழையறதுக்கு நாங்க என்ன களவாணிங்களா? எங்க மாமனாரும் கேட்டாரு, எங்க வூட்டுக்காரரும் கேட்டாரு, நானும் கேட்டேன். வெத்தல பாக்கு வெச்சு, வாசல்ல நின்னு கேட்டுத்தான் ஓட்டுனோம். ஒரு வருசங்கூட கேக்காம ஓட்டுனதில்ல. ஊர்ல யார வேணா கேட்டுப் பாருங்க!"

முன்சீப் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, அந்த அம்மாளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு என்ன வேண்டும்?

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அஞ்சலையம்மா என்னிடம் கேட்டார், "நல்லா சொன்னேனுங்களா?"

"ரொம்ப நல்லா சொன்ன! உன் காட்ட நீயே தூக்கி அவன் கையில குடுத்துட்ட. படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?" என்று கத்திவிட்டேன்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கேக்காம போனோம்னு சொன்னா, களவாண்டுகிட்டுப் போனோம்னு ஆவாதுங்களா? அந்தப் பேரு எடுக்கக்கூடாதுன்னுதான எங்க மாமனாரு வருசா வருசம் வெயில்ல நின்னாரு?"

கேஸ் கட்டை இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

சீனியருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். சாதாரண நாளில் "ஏப்பா அருளு" என்பவர், கோபம் வந்தால் "வாங்க, போங்க" என்று மரியாதைக்கு மாறிவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்ததும், "உக்காருங்க" என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். குறிப்பு நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க எழுத்துதானுங்களே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தம்மா மூணாவது கேள்விக்கு உண்மையத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க பொய் எழுதியிருக்கீங்க. அதை நான் கோர்ட்ல என் வாயால சொல்லியிருக்கேன்."

"தப்புதான் சார். ஆனா உண்மைய எழுதினா கேஸ் நிக்காதேன்னு..."

"கேக்காம நடக்குறதுக்கு அந்தத் தெருவுல யாருக்குங்க தைரியம் இருந்துச்சு? கேக்காம போயிருந்தா மாட்டை அவுத்து வுட்டுட்டு வண்டிய ஒடச்சிருப்பாங்க. கேட்டாத்தான் போக முடியும். கேட்டா உரிமை கிடையாது. சட்டம் எழுதுனவரு வெத்தல தூக்கிக்கிட்டு யாரு வாசல்லயும் நின்னதில்ல, அவருக்கு என்ன தெரியும்?"

அவர் சட்டத்தைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நோட்டை மூடினார். பிறகு கேட்டார்.

"மண்டிக்காரர் அந்த நிலத்தை யாருகிட்ட வாங்குனாரு?"

"தெரியலைங்க. இருபத்துநாலு வருஷத்துக்குத்தான் பாத்தேன்."

"போயி மிச்சத்தையும் பாருங்க."

மறுநாள் காலையிலிருந்து நான்கு நாள் பதிவு ஆபீஸ்தான். மனுப்போட்டு, கட்டணம் கட்டி, பழைய இன்டெக்ஸ் புத்தகங்களை வாங்கிப் புரட்டவேண்டும். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். கிராமத்தின் பெயரைப் பார்த்து, சர்வே நம்பரைப் பார்த்து, வருஷம் வருஷமாகப் பின்னால் போகவேண்டும். பூச்சி அரித்த பக்கங்கள் தொட்டால் உதிரும். சில எழுத்தர்களின் கையெழுத்தைப் படிப்பதற்கு அவர்களையே கல்லறையிலிருந்து எழுப்பவேண்டும். பாச்சை உருண்டை வாசனையில் தலைவலி. மூன்றாம் நாள் முடிவில் ஒன்றும் கிடைக்கவில்லை. சீனியரிடம் போய் நிற்க முகம் இல்லாமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் அகப்பட்டது. மண்டிக்காரருக்கு அந்த ஒன்றேகால் ஏக்கரைக் கிரயம் கொடுத்தவர் வேறு யாருமில்லை, ராசேந்திரனுடைய தாத்தா! நகல் வாங்கி நாலு எல்லையைப் படித்தேன். பத்திரத்தில் நிலத்தின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவார்கள் இல்லையா? வடக்கே என் பாக்கி நிலம். கிழக்கே என் பாக்கி நிலம். தெற்கே என் பாக்கி நிலம். மேற்கே ஓடை. அவர் தன் நிலத்திலிருந்து ஓடையோரமாக ஒரு துண்டை வெட்டி விற்றுவிட்டு, மூன்று பக்கமும் தானே இருப்பதாகத் தன் வாயால் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமனாருடைய பத்திரத்தில் அந்த எல்லைகளுக்குப் பிற்பாடு வந்த ஆட்களின் பெயர்களைப் போட்டிருந்ததால் இது தெரியாமலே போய்விட்டது. ஆபீஸ் வாசலில் இருந்த கடையில் ஒரு டீ குடித்தேன். சந்தோஷத்தில் இன்னொன்றும் குடித்தேன். முதல் நாளே இந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரு மனுஷியைப் பொய் சொல்லச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது டீ இறங்கவில்லை.

அனுமதியோ வெற்றிலையோ இதற்குக் குறுக்கே வராது. வேறு வழி இல்லை என்றால் வழி கூடவே வந்துவிட்டது. சீனியர் பிராதைத் திருத்த மனுப் போட்டார். எதிர்த்தரப்பு பலமாக ஆட்சேபித்தது. முன்சீப் அனுமதித்தார், இடத்தைப் பார்த்துவர ஒரு வக்கீலைக் கமிஷனராகவும் போட்டார்.

கமிஷனர் சர்வேயரோடு வந்தார், நானும் போனேன். சங்கிலி பிடித்து அளந்தார்கள். ஆமணக்குக்கு அடியில் பழைய வண்டித் தடத்தின் பாறை அப்படியே இருந்தது, எங்கள் ஆபீஸ் தரையில் அஞ்சலையம்மாவின் கால் நின்ற அதே இடத்தில். ராசேந்திரன் மேற்கே கையைக் காட்டினான்.

"இந்தா ஓடை இருக்குல்ல? இதுல எறங்கி ஏறுனா அந்தாண்ட ரோடு. நடந்தே போயிரலாம் சார்."

ஓடைக்கரை ஒன்றரை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. கமிஷனர் பூட்ஸோடு இறங்கப் பார்த்து, வேரைப் பிடித்துக்கொண்டு பாதியில் தொங்கினார். சர்வேயர்தான் கைகொடுத்துத் தூக்கினார்.

அஞ்சலையம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சார், ஒரு வெங்காய மூட்டையும் தரட்டுங்களா? தூக்கிக்கிட்டு எறங்கிப் பாருங்க" என்றார். சர்வேயர் சிரிப்பை அடக்க முடியாமல் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார். ராசேந்திரனுடைய ஆட்களே சிரித்தார்கள்.

தீர்ப்பில் இருபது வருஷ அனுபவ உரிமை தள்ளுபடி. அவசியத்தால் வந்த வழி உண்டு, பத்தடி அகலத்தில் வண்டிப்பாதை விடவேண்டும் என்று ஆனது. தனக்கே கேடாக இருந்தும் கேட்டுத்தான் போனோம் என்று சொன்ன சாட்சி, வேறு வழி இல்லை என்று சொல்வதையும் நம்புகிறேன் என்று முன்சீப் ஒரு வரி எழுதியிருந்தார். சீனியர் அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதையும் நீங்க நோட்டுல எழுதி வெச்சுக்குங்க" என்று என்னிடம் சொன்னார். இந்தக் கட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் என்னிடம் அந்த மரியாதை குறையவே இல்லை.

ராசேந்திரன் அப்பீல் போகவில்லை. கோர்ட் அமீனா போய் நின்றபிறகு முள்ளை எடுத்தான். நான் கட்டைச் சிவப்புத் துணியில் சுற்றப் போனேன். "இருக்கட்டுங்க" என்றார் சீனியர்.

அடுத்த தையில் ஒருநாள் காலை. ஆபீஸ் வாசலில் அஞ்சலையம்மா நின்றார். கையில் ஒரு கூடை வெங்காயம், மேலே வெற்றிலை பாக்கு. உள்ளே வரச்சொன்னாலும் வரவில்லை.

"சார், வண்டி ஓட்டிக்கலாங்களா?"

சீனியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னைய எதுக்கும்மா கேக்கறீங்க?"

"யாரையாச்சும் கேக்கணுமில்லீங்க? அந்த வாசலுக்குப் போவவேண்டாம்னு நீங்க சொல்லிட்டீங்க."

நான் சிரித்தேன். சீனியர் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய், வெற்றிலையைத் தொடாமல், பொறுமையாகச் சொன்னார். "அது உங்க வழிம்மா. என்னைய கேக்க வேண்டாம், முன்சீப்பைக் கேக்க வேண்டாம், யாரையும் கேக்க வேண்டாம். கூடையை எடுத்துட்டுப் போங்க. அடுத்த வருஷம் வரக்கூடாது."

"சரிங்க" என்றார். கோர்ட்டுக்குப் போகும் முன்பு என்னிடம் சொன்ன அதே "சரிங்க". அடுத்த தையிலும் வந்தார். அதற்கடுத்த தையிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். கூடை திரும்பிப் போகும். கட்டு மேசைமேலேயே கிடந்தது. நான் வாரா வாரம் துடைத்தேன்.

நாலாவது வருஷம் பொங்கல் போயிற்று, வரவில்லை. தை முடிந்தது, வரவில்லை. சீனியர் வாயால் கேட்கவில்லை. ஆனால் வாசலில் நிழல் ஆடினால் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி முள் போட்டுவிட்டானா? நிலத்தை விற்றுவிட்டார்களா? உடம்புக்கு ஏதாவதா? மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாலிகண்டபுரத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே போனேன்.

பாதை திறந்து கிடந்தது. புதுச் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்துக் காட்டில் ராசேந்திரன் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிரே ஒரு வண்டி வந்தது. மூட்டைகள் தலைக்குமேல் அடுக்கியிருந்தன. அஞ்சலையம்மா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் நடந்துவந்தார். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்.

"அட, அருளு சாரா? என்னங்க இந்த வெயில்ல?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டாகக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சீனியர் மாதிரியே கேட்டேன்.

"ஏம்மா, யாரைக் கேட்டு வண்டி ஓட்டுறீங்க?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம வழியில போறதுக்கு யாரைங்க கேக்கணும்? கொஞ்சம் ஒதுங்குங்க, பாறைகிட்ட சக்கரம் இடிக்கும்."

ஒதுங்கி ஆமணக்குச் செடிக்குள் நின்றேன். மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார். வண்டி ரோட்டில் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை காலை சீனியரிடம் சொன்னேன். கேள்வியையும் பதிலையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மேசையின் மூலையில் கிடந்த கட்டை இழுத்து, தூசி இல்லாத அதன் மேல் அட்டையைக் கையால் ஒருமுறை தடவி, என் பக்கம் தள்ளினார்.

"பரண்ல போட்டுருப்பா அருளு" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.